நாற்காலி போட்டு உட்காரும் பார்ட்டி

மூட்டு தேய்ந்து நான் சாரம் ஏறுவதை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் வேலூர்ப் பக்கம் வீட்டு ரிப்பேர், ஆல்ட்ரேஷன் வேலை எடுக்கும் பிள்ளைகள் யாராவது வாரத்துக்கு ஒருமுறை போன் பண்ணிவிடுகிறார்கள். சுற்றி வளைத்து எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "ணா, நல்ல பார்ட்டி எப்டிணா புடிக்கிறது?"

நல்ல பார்ட்டி, அதாவது வேலை கொடுக்கிற நல்ல வீட்டுக்காரர், என்றால் யார் என்று திருப்பிக் கேட்டால் ஒருத்தருக்கும் பதில் தெரிவதில்லை. கெட்ட பார்ட்டி யார் என்பது மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு நிறத்தை மாற்றச் சொல்கிறவர். பெங்களூரில் இருக்கும் மச்சானுக்கு வீடியோ கால் போட்டு யோசனை கேட்கிறவர். இவர்கள் எல்லோரையும் விட மோசம், காலையிலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து மேஸ்திரியின் முதுகுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்து, எத்தனை சட்டி சிமெண்ட் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறவர். அந்த நாற்காலியைப் பார்த்தாலே உங்களுக்கெல்லாம் எரிச்சல் வருகிறது. எனக்கும் வந்தது, ஒரு காலத்தில்.

நல்ல பார்ட்டி பிடிக்க நானும் எல்லாம் செய்து பார்த்தவன்தான். வெள்ளி எழுத்தில் விசிட்டிங் கார்டு அடித்தேன். பழைய கார் ஒன்று வாங்கி, அதில் ஏறி இறங்கினால் பெரிய வீட்டு வேலை வரும் என்று நம்பினேன். கார்தான் அடிக்கடி ரிப்பேருக்குப் போனது. போனில் நூறு போட்டோ வைத்திருந்தேன், அதில் பாதி நான் செய்யாத வேலை. வந்த பார்ட்டிகளெல்லாம் என்னைப் போலவே இருந்தார்கள், வாயால் கோட்டை கட்டுகிறவர்களாக.

நல்ல பார்ட்டி எனக்கு முதலிலேயே கிடைத்திருந்தார். அது எனக்குத் தெரியவில்லை. அவரைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஆம்பூரில் ஏழுமலை அண்ணன் என்று ஒருவர். தோல் மண்டியில் சூப்பர்வைசர். பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புத் தடவி அடுக்குவார்களே, அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறவர். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் பழைய பூச்சை உதிர்த்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும் என்று கூப்பிட்டார். முதல் நாளே வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். "செவுரப் பத்தி எனக்கு இன்னா தெரியும் மேஸ்திரி. நீங்க பாத்துக்குங்க" என்று சொல்லி மண்டிக்குப் போய்விட்டார். நாற்காலி கிடையாது, கேள்வி கிடையாது.

நம் பக்கத்து போர்வெல் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாயில் வைக்க முடியாத உப்பு. அந்தத் தண்ணீரில் கலவை போட்டால் அன்றைக்குச் சுவர் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். ஆறு மாதம் கழித்து உப்பு பூத்து, பூச்சு பொரிந்து உதிர ஆரம்பிக்கும். அதனால்தான் கலவைக்கு லாரித் தண்ணீர் வாங்குகிறோம். அண்ணன் வீட்டில் வேலை நடக்கும்போது லாரி இரண்டு நாள் வரவில்லை. எனக்கு வேறு வேலை காத்திருந்தது. "போர் தண்ணியே போடு" என்று என்னிடம் வேலை செய்யும் கொத்தனார் கன்னியப்பனிடம் சொன்னேன். சொன்னது நான். இதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மழை முடிந்ததும் அண்ணன் போன் பண்ணினார். போனேன். கூடத்துச் சுவரில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு மேஸ்திரி இது" என்றார். ஆயுள் முழுக்க உப்போடு புழங்கியவரிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

அவர் அப்போதுதான் மண்டியிலிருந்து வந்திருந்தார். முழங்கை மடிப்பில், சட்டை ஓரத்தில் எல்லாம் உப்புத் தூள். என் வாய் தானாக வேலை செய்தது.

"உப்புதாண்ணா. வேற எங்கேருந்து வரும்? உங்க சட்டையப் பாருங்க. தெனமும் அதோட வந்து செவுத்துல சாஞ்சா, செவுரு இன்னா பண்ணும்?"

அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பிறகு, "ஆமால்ல. உங்களப் போயி பேஜார் பண்ணிட்டேன்" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்காத குறையாகப் பேசி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். கன்னியப்பனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

நான்கு வருடம் போனது. பள்ளிகொண்டா பக்கத்தில் ஒரு புது நகரில் வேலை வந்தது. வீட்டு அம்மா வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் மூத்த நர்ஸ். நாங்கள் சிஸ்டர் என்றே கூப்பிட்டோம். அவர் கணவர் ரயில்வேயில் இருந்து ரிடையர் ஆனவர், ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பயிற்சியெல்லாம் கொடுத்து, கம்பியைப் பிடித்து எழுந்து நிற்கிற அளவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சனிக்கிழமை டிஸ்சார்ஜ். அதற்குள் பாத்ரூமை அவருக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும்: அகலக் கதவு, வழுக்காத தரை, சுவரில் கைப்பிடிக் கம்பி.

"அவர் எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டிருக்கார்" என்றார் சிஸ்டர். "பாத்ரூமுக்கு மட்டும் யாரும் என்னைத் தூக்கிட்டுப் போகக் கூடாது, நானா எழுந்து நிக்கணும்னு. அதுக்குத்தான் இந்த வேலை. அழகுக்கு இல்ல."

முதல் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு டூட்டி முடிந்து பஸ் இறங்கி வந்தவர், பையைக்கூட வைக்காமல் பாத்ரூம் வாசலில் நின்றார். கடப்பாரையைக் கழுவிக்கொண்டிருந்த கன்னியப்பனையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினார்.

"ஹேண்டோவர் குடுங்க" என்றார்.

நான் விழித்தேன். ஆஸ்பத்திரியில் டூட்டி மாறும்போது போகிறவர் வருகிறவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டுமாம். அவர் கேட்டது மூன்று கேள்வி. இன்றைக்கு என்ன முடிந்தது? எது தப்பாச்சு? எது பாக்கி?

முடிந்ததைச் சொன்னேன். பாக்கியைச் சொன்னேன். "தப்புன்னு ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்றேன்.

அவர் சிரித்தார். "வார்டுல ஒரு பொண்ணு 'ஒண்ணும் இல்ல சிஸ்டர்'னு ஹேண்டோவர் குடுத்தா, நான் முதல்ல அவ பேஷண்ட்டைத்தான் போய்ப் பார்ப்பேன்" என்றார். சொன்னபடியே உள்ளே போய்ப் பார்த்தார். வாசல்கால் பக்கத்தில் நாங்கள் தெரியாமல் உடைத்திருந்த தண்ணீர்க் குழாய் முனையைக் கண்டுபிடித்துவிட்டு வந்தார். கோபப்படவில்லை. "இதைத்தான் கேட்டேன்" என்றார். எனக்கு மானம் போனது. அடுத்த நாளிலிருந்து அவர் வருவதற்குள் அன்றைய தப்புகளை நானே மனதுக்குள் எண்ணி வைத்துக்கொள்வேன். சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள், அப்படி எண்ண ஆரம்பித்ததுமே தப்பு கம்மியாகிவிட்டது.

புதன்கிழமை கைப்பிடிக் கம்பி வாங்க நான் வேலூர் பஜாருக்குப் போனேன். திரும்பி வரும்போது மணி நாலரை. உள்ளே எட்டிப் பார்த்தால் நான்கு சுவரும் பூசி முடிந்து பளபளவென்று இருக்கிறது. வெளியே லாரித் தண்ணீர் டிரம் காய்ந்து கிடக்கிறது.

"கன்னியப்பா, தண்ணி எது?"

அவன் தலையைச் சொறிந்தான். "லாரி வர்ல. சனிக்கெழம சனிக்கெழமன்னு நீதான கத்திக்கினு இருந்த."

நான் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். போர் தண்ணீர். அதன் மேல் டைல்ஸ், டைல்ஸ் மேல் கம்பி, கம்பியில் ஒரு பக்கம் விழுந்த மனிதரின் மொத்த எடை. உப்பு டைல்ஸைத் தள்ளும், கம்பியின் போல்ட்டையும் தின்னும். எத்தனை மாதம் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. உடைத்துச் செய்தால் சனிக்கிழமை போச்சு. அவர் வந்து இறங்கும்போது பாத்ரூம் இருக்காது, நாலு பேர் தூக்கிக்கொண்டு போகும்படி ஆகும். அவர் வேண்டாம் என்று கேட்டதே அதைத்தான்.

"இன்னாத்துக்கு பயப்பட்ற" என்றான் கன்னியப்பன். "இப்ப யாருக்குத் தெரியும்? பூத்தா பாத்துக்கலாம். ஆம்பூர்ல ஒண்ணு சொன்னியே, அந்த மாதிரி இங்கியும் ஒண்ணு சொல்லு."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. என்னிடம் கற்றுக்கொண்டதைத்தான் சொன்னான். அதுதான் எனக்கு அறைந்த மாதிரி இருந்தது. ஐந்து மணிக்கு கேட் சத்தம் கேட்டது. சிஸ்டர் வந்து வாசலில் நின்றார். "சொல்லுங்க."

முடிந்தது நான்கு சுவர் என்றேன். அடுத்த கேள்வி, எது தப்பாச்சு. எல்லாவற்றையும் சொன்னேன். லாரி வராதது, போர் தண்ணீர், உப்பு, போல்ட், எல்லாம். கன்னியப்பன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். யார் செய்தது என்று சொல்லவும் ஆரம்பித்தேன்.

சிஸ்டர் கையை உயர்த்தி நிறுத்தினார். "யார் பண்ணதுன்னு நாளைக்குப் பேசலாம். பேஷண்ட்டுக்கு என்ன ஆகும், அதை மட்டும் சொல்லுங்க."

"கம்பி எப்போ வேணா ஆட்டம் குடுக்கலாம் சிஸ்டர்."

"எந்தச் சுவத்துல கம்பி?"

"கமோடுக்கு வலப்பக்கம்."

"மத்த மூணு சுவரும் சனிக்கிழமை அவரைத் தாங்கப் போறதில்ல, இல்ல?"

"இல்ல."

"அப்போ ஒரு சுவருதான் எமர்ஜென்சி. மத்த மூணும் வரிசையில காத்திருக்கட்டும்." பையைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "இதை செங்கல் வரைக்கும் எடுத்துட்டு, செங்கல்லயே கம்பியை மாட்ட முடியுமா? பூச்சு வேண்டாம், டைல்ஸ் வேண்டாம். அசிங்கமா இருந்தாப் பரவால்ல."

இருபத்தைந்து வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன் நான். அந்த யோசனை எனக்கு வரவில்லை. உடைத்தால் நான்கையும் உடைப்பது, மறைத்தால் நான்கையும் மறைப்பது என்று இரண்டே வழிதான் என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. எது இப்போதே முக்கியம், எது காத்திருக்கும் என்று பிரிக்க அவருக்கு ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது. அன்றைக்கு அந்த அம்மா மேல் எனக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கன்னியப்பன் என்னோடு நின்று வேலை செய்தான். செங்கலைத் துளைத்து, சுவரின் மறுபக்கம் படுக்கையறையில் இரும்புத் தகடு வைத்து, போல்ட்டை இறுக்கினோம். நான் என் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். கன்னியப்பனும் என்னோடு சேர்ந்து தொங்கினான்.

சனிக்கிழமை மதியம் சிஸ்டரின் கணவர் வந்தார். அவரை வரவேற்க சிஸ்டரோடு வேலை செய்யும் நர்ஸுகள் ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். வந்த அரை மணி நேரத்தில் அவர் பாத்ரூம் போக வேண்டும் என்றார். சக்கர நாற்காலி உள்ளே போனது. கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. நாங்கள் எல்லோரும் கூடத்தில் நின்றோம். கம்பியில் கை பட்ட சத்தம். ஒரு முனகல். பிறகு அவர் குரல், கொஞ்சம் குழறலாக: "நின்னுட்டேன்."

சிஸ்டர் அழவில்லை. கன்னியப்பன்தான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அதன் பிறகு நடந்ததுதான் நீங்கள் கேட்கும் கேள்விக்குப் பதில். வந்த நர்ஸுகள் பாத்ரூமைப் பார்க்கப் போனார்கள். மூன்று சுவர் பூசியபடி, ஒரு சுவர் மட்டும் செங்கல் பல்லை இளித்துக்கொண்டு. நான் எங்காவது ஓடி ஒளியலாமா என்று பார்த்தேன். சிஸ்டர் என்னை அங்கேயே நிறுத்திவிட்டுத் தன் கூட்டாளிகளிடம் சொன்னார்: "இவர் வேலையில ஒரு பெரிய தப்பு நடந்துச்சு. எனக்குக் கண்டுபிடிக்கவே தெரிஞ்சிருக்காது. இவரே சொன்னார்."

வேறு பாராட்டு ஒன்றும் இல்லை. என் பிழைப்பு போச்சு என்று நினைத்தேன். அவர்களில் வயதான ஒருவர் செங்கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுல மாடிப்படி மாத்தணும். எப்ப வர்றீங்க?" என்று கேட்டார். நான் வேலையை நிறுத்தும் வரைக்கும் எனக்கு வந்த நல்ல பார்ட்டிகள் எல்லோரும் அந்தச் செங்கல் சுவர் வழியாக வந்தவர்கள்தான். விசிட்டிங் கார்டு இன்னும் ஒரு கட்டு பரணில் கிடக்கிறது.

மற்ற மூன்று சுவரையும் என் செலவில் உடைத்துப் பூசி, எல்லாம் முடிக்கப் பதினைந்து நாள் ஆனது. கடைசி நாள் சாயங்காலம் சிஸ்டர் வழக்கம்போல வாசலில் நின்றார். முடிந்தது, எல்லாம். தப்பு, இன்றைக்கு ஒரு டைல்ஸ் முனை உடைந்தது, மாற்றியாச்சு. "பாக்கி?" என்றார்.

"உங்க வீட்டுல ஒண்ணும் இல்ல சிஸ்டர்."

"அப்போ யார் வீட்டுல இருக்கு?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஆம்பூர்க் கதையைச் சொன்னேன். பழக்கத்தில், சிரிக்கவேண்டிய இடத்தில் கொஞ்சம் சிரித்தும் வைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்போ நாலு வருஷமா ஹேண்டோவர் குடுக்காமயே டூட்டியை விட்டு வந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, எங்களுக்குக் காபி போட உள்ளே போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் ஆம்பூருக்குப் பஸ் ஏறினேன். ஏழுமலை அண்ணன் வீட்டு முன்கதவு திறந்திருந்தது. அண்ணி ஒரு கைலியையும் துண்டையும் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

"வாங்க மேஸ்திரி. அவரு பின்னால குளிக்கிறாரு. குளிச்சி துணி மாத்தாம வூட்டுக்குள்ள வர மாட்டாரு. நீங்க சொன்னதுலேருந்து அப்டித்தான். மழ பேஞ்சாகூட நனைஞ்சிக்கினு சந்து வழியா பின்னாலதான் போவாரு."

நான் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு பொய்யை, அந்த மனிதர் நான்கு வருடமாகத் தினமும் குளித்துக் குளித்துக் கடைப்பிடித்திருக்கிறார்.

அண்ணன் ஈரத் தலையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார். கூடத்துச் சுவரைக் காட்டினார். இடுப்பு உயரத்துக்கு உதிர்ந்திருந்தது. "எவ்ளோ பாத்தும் பூக்குது மேஸ்திரி. இன்னும் எப்டியோ நான் கொண்டாறேன் போல" என்றார்.

சொல்லிவிட்டேன். இன்னது நடந்தது, போர் தண்ணீர் போடச் சொன்னது நான், உங்கள் சட்டைக்கும் சுவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சொல்லி முடிக்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அண்ணி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் நின்றுகொண்டே இருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ எம் மேலருந்து வர்லியா?" என்றார்.

"இல்லண்ணா."

சுவரில் உதிர்ந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "எப்ப ஒடைக்கிறீங்க?"

"நாளைக்கே."

"சரி. இந்த தபா நான் நாற்காலி போட்டு உக்காருவேன்."

"உக்காருங்கண்ணா" என்றேன்.

மண்டிக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தார். காலையில் நாற்காலியை எடுத்துப் போட்டது நான்தான். லாரித் தண்ணீர் வந்ததும் ஒரு டம்ளரில் பிடித்து அவரிடம் கொடுத்தேன். குடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். சாயங்காலமானால் கன்னியப்பனும் நானும் எதிரில் நின்று சிஸ்டரின் மூன்று கேள்விக்கும் பதில் ஒப்பித்தோம். மூன்று நாள் அப்படி நடந்தது. நான்காம் நாள் காலையில் நாற்காலி காலியாக இருந்தது. சாவி அதன் மேல் இருந்தது.

நாற்காலி போட்டு உட்காருகிற பார்ட்டியைப் பார்த்தால் இனிமேல் எரிச்சல்படாதீர்கள். அந்த வீட்டில் உங்களுக்கு முன்னால் வேலை செய்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். சில வீடுகளில் அது நானாக இருக்கலாம்.

சுவர் காய்ந்து, வெள்ளை அடித்துக் காய்ந்த பிறகு ஒரு நாள், மிச்சச் சாமானை எடுக்க நானும் கன்னியப்பனும் போயிருந்தோம். மணி ஆறு இருக்கும். அண்ணன் மண்டியிலிருந்து வந்தார். தெருவில் நின்று சந்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு முன்வாசல் வழியாக, உப்புச் சட்டையோடு நேராகக் கூடத்துக்குள் வந்தார். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து எங்கள் சுவரை ஒட்டிப் போட்டார். உட்கார்ந்து, முதுகை நன்றாகச் சுவரில் சாய்த்துக்கொண்டு, அண்ணியிடம் டீ கேட்டார்.